ஒரே நேரத்தில் ஒலித்த செல்போன்கள்

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்த முதல் ஆள் நான்தான். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனாலோ என்னவோ, வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு வேகம் கொஞ்சம் அதிகம்.

பள்ளியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். தலைமையாசிரியை அறையில் இருக்கும் டெலிபோனின் வயரைக் கழற்றி அதில் மாட்டினால் இணையம் வரும். இணையத்தில் இருக்கிற வரைக்கும் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். அந்த வேகத்துக்கு, பூமியை மேலிருந்து காட்டும் வரைபடத்தைத் திறந்தால் எங்கள் ஊர்க் கண்மாய் திரையில் வந்து சேர்வதற்குள் பீரியடு முடிந்துவிடும்.

இருந்தாலும் நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தூர் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆசிரியர்களுக்குப் பயன்படும்படி இலவசமாக என்னவெல்லாம் கிடைக்கிறது என்று தேடுவேன். பாடத்திலிருந்து சொற்களைக் கொடுத்தால் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுத் தரும் ஒரு தளம் கிடைத்தது. கேள்விகளை எழுதிக் கொடுத்தால் வினாடி வினா தயாரித்துத் தரும் இன்னொரு தளமும் கிடைத்தது. சரியான விடையை அழுத்தினால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு விளக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பச்சைக்காகவே பாடத்தைப் படித்துக்கொண்டு வந்தார்கள்.

அதில் ஒரு பெண் மற்ற எல்லோரையும் விட வேகம். கேள்வியை நான் வாசித்து முடிக்கும் முன்பே அவள் கை மவுஸில் இருக்கும். ஆனால் முழுப்பரீட்சை முடிந்ததும் அவளைப் பட்டாசு வேலைக்குக் கூட்டிப்போவதாக அவள் அம்மா முடிவு செய்திருந்தார். "ஒன்பதாவதுக்கு டவுனுக்கு பஸ் ஏறிப் போவணும் சார். வயசுப் பிள்ளைய எப்படி அனுப்ப? எங்கூடயே இருந்தா என் கண்ணு முன்னால இருப்பா" என்று என்னிடம் ஒரு தடவை தெருவில் வைத்துச் சொல்லியிருந்தார். அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வயதைக் கூட்டிச் சொன்னால் கேட்க ஆள் கிடையாது.

பெற்றோரை எல்லாம் கூட்டி உட்காரவைத்து, பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விடை சொல்வதைக் காட்டிவிட்டு, ஒன்பதாம் வகுப்பைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். வழக்கமாகப் பெற்றோர் கூட்டம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் யாரும் வர மாட்டார்கள். வேலையை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? அப்போதுதான் இன்னொரு இலவசத் தளம் கண்ணில் பட்டது. நம்பர்களைப் பதிவு செய்து வைத்துவிட்டால் போதும், ஒரு செய்தி அடித்தால் அத்தனை பேர் செல்போனுக்கும் ஒன்றாகப் போய்விடும்.

ஒரு வியாழக்கிழமை காலை, கரண்ட் இருக்கும்போதே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் காலத்து செல்போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன். பள்ளியிலிருந்து செய்தி, சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், அவசியம் வரவும். அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, இணையத்தைத் துண்டிக்காமல் அப்படியே எட்டாம் வகுப்பை வரவழைத்து வினாடி வினாவைத் தொடங்கினேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். வெளியே பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் பெண்கள் கூட்டமாக இறங்கி ஓடி வருகிறார்கள். வேனில் இடம் கிடைக்காத சிலர் ஓடைப்பக்கம் குறுக்குவழியில் வந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் காலில் செருப்பு இல்லை. கை, முகமெல்லாம் அலுமினியப் பொடி அப்பி வெள்ளி மாதிரி மின்னியது.

நடந்தது என்னவென்று அந்த வேன் டிரைவர் பிறகு சொன்னார். பட்டாசு அறைகளுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் எல்லோரும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைப்பார். எங்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒரே கம்பெனியில்தான் வேலை. நான் அனுப்பிய செய்தி வந்ததும் பெட்டிக்குள் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியிருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் கேட்டில் இருக்கும் போன்கள் ஒன்றாக அலறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ வெடித்துவிட்டது. சொந்தபந்தம் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கத்தான் ஊரே ஒரே நேரத்தில் கூப்பிடும். வாட்ச்மேனுக்கு வாசிக்கத் தெரியாது. டிரைவரிடம் ஒரு போனைக் காட்டியிருக்கிறார். அவர் பதற்றத்தில் முதல் வார்த்தைகளை மட்டும் பார்த்துவிட்டு, "ஸ்கூல்ல இருந்துல்லா வந்திருக்கு" என்றிருக்கிறார். உடனே போர்மேன் பள்ளிக்கு போன் அடித்திருக்கிறார். எங்கேஜ்டு. திரும்பவும் எங்கேஜ்டு. இங்கே நான் பச்சை விளக்கு எரிய வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் போர்மேன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் உள்ளே இருப்பவர்கள் பதறி வெடிமருந்தைக் கொட்டிவிடுவார்கள். ஒவ்வொரு அறை வாசலிலும் போய் நின்று, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வரும்படி மெதுவாகச் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்த பிறகும் அந்தப் பெண்கள் கேட் வரைக்கும் நடந்தேதான் வந்திருக்கிறார்கள். கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஓட்டம். என் அம்மாவும் அப்படித்தான் பழகியவர். பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று தெரியாமல் அந்தத் தூரத்தை நடந்து கடப்பது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அந்தப் பெண்ணின் அம்மாதான் முதலில் அறைக்குள் வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மகளை இழுத்து, தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை முழுக்க வெள்ளி விரல்கள் பதிந்தன.

"எம்மா, விடும்மா. கேள்வி போயிக்கிட்டு இருக்கு" என்றாள் மகள்.

படாரென்று முதுகில் ஒரு அடி விழுந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "சேதி அனுப்புனீகளா, இல்ல எங்க உசுர எடுக்க ஆள் அனுப்புனீகளா? படிச்சவுகதான நீங்க?"

கும்பிட்டேன். கூட்டத்துக்கு வரச்சொல்லித்தான் அனுப்பினேன், யாருக்கும் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன். பின்னால் வந்த பெண்கள் வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் அழுதார். தலைமையாசிரியைக்குக் கோபம். "மொதல்ல அந்த வயரப் பிடுங்குங்க தம்பி. இந்த இலவசமெல்லாம் இன்னியோட போதும்" என்றார்.

நான் வயரைக் கழற்றப் போனேன். அப்போது வராந்தாவிலிருந்து ஒரு குரல். "டீச்சர், கூட்டம்னு சொன்னா எந்தக் காலத்துல நாங்க வந்திருக்கோம்? இன்னிக்குத்தான் அம்புட்டுப் பேரும் வந்துட்டோம்ல. அரை நாளு எப்படியும் போச்சு. அந்தக் கூட்டத்த இப்பவே நடத்திருங்க."

"ஆமா, செருப்பில்லாம ஓடி வந்ததுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுக்கச் சொல்லு" என்றார் இன்னொருவர். அழுதவரே சிரித்துவிட்டார்.

டீ வாங்கி வரச் சொன்னேன். எல்லோரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வினாடி வினா நடந்தது. பச்சை வரும்போதெல்லாம் "சரிதானா? சரிதானா?" என்று என்னைக் கேட்டார்கள். அந்தப் பெண் ஒரு கேள்விக்குச் சிவப்பு வாங்கியதும், அவள் அம்மா, "ஏளா, நல்லா யோசிச்சு அழுத்துளா" என்று அதட்டினார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்றார். கோபம் இறங்கியிருந்தது.

"சார், வேன்ல வரும்போது ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். பள்ளிக்கூடத்துல அப்படி என்ன மருந்து இருக்கு வெடிக்கதுக்குன்னு. இவ பத்திரமாத்தான இருக்கணும்னு. அப்புறந்தான் உறைச்சிச்சு, முழுப்பரீட்ச முடிஞ்சதும் நானே இவள மருந்து இருக்க எடத்துக்குக் கூட்டிட்டுப் போவப் போறேன்னு. கேட்டுல போன் அடிச்சா அப்ப நான் எங்கிட்டு ஓட?"

அவரே தொடர்ந்தார். "எந்த பஸ்ஸு, எம்புட்டு நேரத்துக்கு வரும்னு வெவரமா கேட்டுச் சொல்லுங்க" என்றார். பிறகு, போகிற போக்கில், "இனிமே சேதி அனுப்புனா மொதல்ல பிள்ளைக நல்லா இருக்குன்னு போடுங்க. அப்புறமா என்னத்தையும் எழுதுங்க" என்றார்.

ஜூன் மாதம் அவரே மகளைக் கூட்டிப்போய் டவுன் பள்ளியில் சேர்த்தார். முதல் வாரம் முழுக்க அவரும் கூடவே பஸ் ஏறினார்.

தலைமையாசிரியையைச் சமாதானப்படுத்த எனக்குச் சில வாரங்கள் ஆயின. அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கேட் பக்கம் வந்து உட்காரும்போது மட்டும் செய்தி அனுப்பினேன். அனுப்பியதும் இணையத்தைத் துண்டித்து டெலிபோனை மாட்டிவிடுவேன். டிரைவர் சத்தமாக வாசிப்பார்.

இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறேன். இலவசமாகப் புதிதாக எது வந்தாலும் இன்றைக்கும் ஆசையோடு திறந்து பார்க்கிறேன். ஆனால் இங்கே நான் தட்டும் ஒரு பொத்தான் எந்த வாசலில், யார் நெஞ்சில் போய் விழும் என்று யோசிக்காமல் ஒரு வரி அனுப்புவதில்லை. விடுமுறைச் செய்தியாக இருந்தாலும் 'பிள்ளைகள் நலம்' என்றுதான் தொடங்குகிறேன், அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் அவர்கள் போனை எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.