மெழுகுதிரி அணையவில்லை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் பத்தாம் வகுப்புக்கு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. இயற்பியல் புத்தகம் எனக்குக் கதைப் புத்தகம் மாதிரி இனித்தது. வேதியியலை இன்னும் திறக்கவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

அண்ணனுக்குக் கோடையில் கிணறு தூர்வாரும் வேலை. அவனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றைத் தூர்வார அன்றைக்கு இருவரும் வந்திருந்தார்கள். ஆழம் நாற்பத்தைந்து அடி, தண்ணீர் அடியோடு கிடந்தது. அதை இறைக்க, கரண்ட் இல்லாததால், வாடகைக்கு எடுத்த பெட்ரோல் எஞ்சினைக் கரையில் வைத்து இயக்கினார்கள். அது கத்தியதே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"எஞ்சினுக்கு வலு பத்தாது, இன்னும் பெருசு எடுத்தாத்தான் ஆவும்," என்றான் கூட்டாளி.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வலுவில்ல காரியம். எஞ்சின் தண்ணிய இழுக்கல்ல. குழாய்க்குள்ள உள்ள காத்தை எடுத்துரும், வெளிய உள்ள காத்துதான் தண்ணிய அமுக்கி மேல ஏத்தும். எவ்வளவு பெரிய எஞ்சினானாலும் முப்பத்து மூணு அடிக்கு மேல ஏறாது. எஞ்சினைக் கீழ எறக்கணும்."

"கேட்டியாலே!" என்றான் அண்ணன். "டீச்சரம்மாவுக்க காத்து தண்ணிய சுமக்குமாம். இனி தூரும் அதுவே வாரட்டு, நாம வீட்டுக்குப் போவோம்."

கிண்டலடித்தாலும் செய்து பார்த்தார்கள். இருபத்தைந்து அடியில் கிணற்றின் உள்சுவரில் ஒரு திண்டு உண்டு. அதில் எஞ்சினை இறக்கி வைத்து, கூட்டாளி அதை ஓடவிட்டு ஏறி வந்தான். குழாய் வாயில் தண்ணீர் கொட்டியபோது எனக்குப் பரீட்சையில் தேறியது போலிருந்தது.

பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நின்றது. அடியில் சேறு மட்டும் மிச்சம். புகை போகட்டும் என்று அரை மணி நேரம் இருந்தார்கள். பிறகு வழக்கப்படி வாளியில் மெழுகுதிரியை ஏற்றிக் கயிற்றில் இறக்கினார்கள். திரி அணைந்தால் இறங்கக் கூடாது. அடிவரை போன சுடர் அசையாமல் நின்றது. வாடை கூட இல்லை. அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

கிணற்றில் ஆள் இறங்கிவிட்டால், கீழிருந்து பதில் வருகிறதா என்று பார்க்க, மேலே நிற்பவர் வாயை மூடக் கூடாது என்பது இவர்கள் தொழிலில் ஒரு முறை. அதற்கு என்னைவிடத் தோதான ஆள் யார்?

"அண்ணா, மத்தியானம் மரச்சீனிக் கெழங்கும் மீனும் ஆக்கும்!"

"பூவாரு கடல் மீனா, இல்ல உனக்க புஸ்தகத்துல உள்ளதா?"

முதல் கூடைச் சேறு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது கூடை வரத் தாமதமாயிற்று.

"அண்ணா, காந்தாரி மொளகு அரைக்கட்டா?"

"ம்."

எங்கள் அண்ணன் 'ம்' என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. சாவு வீட்டிலும் ஒரு குத்தல் சொல்லாமல் வாய் திறக்க மாட்டான்.

"தலை வலிக்குதா?"

"இல்ல... இருக்கட்டு..." சொல் இழுபட்டது. அதன்பின் சத்தமே இல்லை.

கூட்டாளி சட்டையைக் கழற்றினான். "நான் எறங்குதேன் அக்கா, விடுங்கோ!"

அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நீயும் எறங்கினா ரெண்டு பேரையும் எடுக்க ஆளில்ல. கயித்த இழுலே!"

இழுத்தோம். கப்பி கிறீச்சிட்டது. சேற்றில் புதைந்த கால் விடுபட மறுத்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார்கள். கிணற்றுச் சுவரில் தோள் உரசி உரசி, தலை ஒரு பக்கமாகத் தொங்க, அண்ணன் மேலே வந்தான். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. வாயோரம் நுரை.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்ஸிஜன் வைத்த பிறகு, வெகு நேரம் கழித்துத்தான் கண் விழித்தான். அதுவரை நான் கட்டிலின் கம்பியை விடவில்லை.

டாக்டரம்மா சொன்னாள்: எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். மெழுகுதிரி எரியும் அளவுக்கு ஆக்ஸிஜன் கிணற்றில் இருந்தது, அதனால் எரிந்தது. ஆளைக் கொல்ல அந்த வாயு கொஞ்சம் போதும், அது திரிக்குத் தெரியாது.

"எஞ்சினைக் கிணத்துக்குள்ள வச்சு ஓட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

கூட்டாளி தரையைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனமில்லை.

"நான்தான்," என்றேன்.

அண்ணன் முகத்து மூடியைக் கையால் ஒதுக்கினான். குரல் வெறும் காற்றாக வந்தது. "அவளச் சொல்லாதீங்கோ. தண்ணி ஏறிச்சுல்லா?"

ஏறியது. நான் சொன்ன கணக்கில் ஒரு அடி கூடப் பிசகில்லை. அதுதான் இன்றுவரைக்கும் எனக்கு ஆறவில்லை.