முதல் காலும் ஜனவரி வாடகையும்

கலிரோயிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. எங்கள் வோலோஸ் துறைமுகத்தில் மீன் பொரிக்கும் கடையில் வேலை. முதலாளி சிரித்தாலே சம்பளத்தில் கை வைக்கப் போகிறான் என்பாள். எதிர்வீட்டுக்காரியான என்னையே ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வீட்டுக்காரர் ஸ்டமாடிஸ் விஷயத்தில் அவள் சந்தேகப்பட்டது நியாயம்தான்.

அவள் வருடக்கணக்கில் குடியிருந்த மாடி வீட்டை டிசம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார் அவர். தம்பி மகனுக்குக் கல்யாணமாம். எந்தத் தம்பி என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. டிசம்பர் வாடகையை நீட்டினால், "அது எதுக்கும்மா, சாமான் ஏத்துற செலவுக்கு வச்சுக்க" என்று இனிக்க இனிக்கப் பேசித் திருப்பிவிட்டார். மறுநாள் ஒரு தட்டுச் சர்க்கரை தூவிய பாதாம் பிஸ்கட்டும் வந்தது. அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

நேரே வக்கீலிடம் போனாள். வாடகை தராதவள் என்று வழக்குப் போடத்தான் வாங்க மறுக்கிறார் என்றார் வக்கீல். கெடு முடிந்தபின் ஒரு மாத வாடகையை அவர் வீட்டில் யாராவது வாங்கிவிட்டால், இருக்கச் சம்மதித்ததாக வாதாடலாம் என்றும் சொன்னார். ஆனால் ஸ்டமாடிஸ் அதற்குப் பிறகு அவளுக்குக் கதவையே திறக்கவில்லை.

வருடப் பிறப்பன்று மட்டும் திறந்தாக வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி அன்று வீட்டுக்குள் முதலில் வைக்கும் கால் ராசியானதாக இருக்க வேண்டும் அல்லவா? ஒரு வருடம் கலிரோயி கால் வைத்த பிறகுதான் அவர் மனைவி பொலிக்ஸெனியின் நெஞ்சுவலி தீர்ந்தது. அதிலிருந்து வேறு யார் காலையும் பொலிக்ஸெனி ஏற்பதில்லை.

கலிரோயி ஒரு கையில் ராசிக்காக வாசலில் உடைக்கும் மாதுளம்பழமும் மறு கையில் பண உறையுமாகக் கிளம்பினாள். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டாள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பொலிக்ஸெனி கதவைத் திறந்தாள். கலிரோயி வலது காலை வைத்து, பழத்தை வாசலில் போட்டு உடைத்து, உறையை நீட்டினாள்.

"ஜனவரி வாடகை, அக்கா."

பொலிக்ஸெனி வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். அதற்குள் ஸ்டமாடிஸ் தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்து, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

"வருஷப் பிறப்பன்னிக்கு வாசல் தாண்டி வந்த காசு," என்றாள் மனைவி. "திருப்பி அனுப்பினா வீட்டு ராசியும் கூடப் போயிடும். அனுப்பணும்னா உங்க கையால அனுப்புங்க."

கோர்ட்டுக்கு அஞ்சாத மனுஷன் காலடியில் சிதறிய மாதுளை முத்துகளைப் பார்த்தார். உறைக்காக நீட்டிய கை தானாக இறங்கியது. விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு, கலிரோயி எழுதி வந்திருந்த ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

வாசல்வரை வந்த பொலிக்ஸெனி மெதுவாகச் சொன்னாள்: "தம்பி மகனும் இல்ல, கல்யாணமும் இல்ல. அடுத்த மாசமும் என் கையிலயே குடு."

படியிறங்கியதும் கலிரோயி ரசீதை வெளிச்சத்தில் பிடித்து, கையெழுத்து அவருடையதுதானா என்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவ எதுக்குடி எனக்கு இவ்வளவு நல்லது பண்றா?"

கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.