நீலச் சுவருக்கு மஞ்சள் அடித்தது

தோகோவுக்குப் போகப் போகிறேன் என்று நான் சொன்னபோது, பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எந்த ஏஜென்சி என்றுதான் கேட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு ஆபிரிக்கா ஒரு கண்டம் இல்லை, பாரிசுக்கு வரும் வழியில் உள்ள ஒரு தரிப்பிடம். ஏஜென்சிக்காரர்கள் யாழ்ப்பாணத்து ஆட்களை அங்கே இறக்கி, அடுத்த விமானம் அடுத்த கிழமை என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவார்கள். பாரிசில் இருந்து ஒருத்தி தானாக விரும்பி அங்கே போவது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் நான் மரக்கறி வாங்கும் கடைக்கார அண்ணை தராசைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"சனம் அங்கை இருந்து இஞ்சை வாறதுக்கு நேத்தி வைக்குது. நீர் இஞ்சை இருந்து அங்கை போறீரோ?"

"அனாதைப் பிள்ளையளுக்கு உதவி செய்யப் போறன் அண்ணை. கோயில் ஆக்களோடை."

"ஓம், ஓம். திரும்பி வரேக்கை எத்தினை பேர்?"

"போற ஆக்கள்தான் திரும்பி வருவினம்."

"அப்ப நட்டம்" என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயை நிறுத்தார்.

என் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கடலுக்குப் போனார், என் சொந்த அண்ணையும் போனார். அம்மா கருவாடு காயப் போட்டார். நான் உயர்தரம் வரை படித்தேன். இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. எழுதப் பிடிக்கும், எழுதுகிறேன். உயர்தரம் படித்த நான் பாரிசில் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்தேன். அண்ணை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார்.

வந்த நாளில் இருந்து எல்லோரும் எங்களுக்குத் தந்துகொண்டே இருந்தார்கள். பங்குக் கோயிலில் குளிருக்கு ஒரு கோட்டுத் தந்தார்கள். அதன் பையில் பழைய சொந்தக்காரியின் கைக்குட்டை மடித்தபடி இருந்தது. பின்னேர வகுப்பில் பிரெஞ்சு சொல்லித் தந்தார்கள். நன்றி சொல்லிச் சொல்லியே என் உச்சரிப்புத் திருந்தியது. ஒரு தடவையாவது கொடுக்கிற பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கோடை விடுமுறையில் பங்கு இளைஞர் குழு தோகோவில் கன்னியர் நடத்தும் ஓர் அனாதை மடத்துக்கு வர்ணம் பூசப் போகிறது என்று பூசை முடிவில் அறிவித்தார்கள். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். என் அகதிப் பயணப் பத்திரத்தில், சொந்த நாட்டைத் தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று எழுதியிருந்தது. அது உண்மையா என்று பார்க்கவும் ஒரு சந்தர்ப்பம்.

"உனக்கு அனாதைதான் வேணுமெண்டா நான் இருக்கிறன்" என்றார் அண்ணை. "என்ரை அறைக்குப் பெயின்ற் அடி."

புறப்படுவதற்கு முன் ஒரு பின்னேரம் எங்கள் கட்டடத்து மேல்மாடி அக்கா படிக்கட்டில் என்னை மறித்தார். அவர் ஒபர்வில்லியேயில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தார். அவருடைய கணவர் யாழ்ப்பாணத்துக் கைதடியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். இரண்டு பேரும் ஒன்றாகப் பாரிசுக்கு வெளிக்கிட்டார்கள். தோகோவில் ஏஜென்சிக்காரன், விமானத்தில் ஓரிடம்தான் இருக்கிறது, பெண் முதலில் போகட்டும், மனேச்சர் அடுத்த கிழமை என்றான். அக்கா வந்து சேர்ந்தார். தீபாவளிக்கு மனேச்சரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த ஆனி மாதமும் வந்துவிட்டது.

"தங்கச்சி, காலமை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு, பொட்டு வைக்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் நிக்கிறன். ஆள் இருக்கோ இல்லையோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லும்."

"அக்கா, தோகோ ஒரு நாடு. கைதடிச் சந்தி இல்லை."

"எவ்வளவு பெரிசு?"

"இலங்கையை விடக் கொஞ்சம் சின்னன்."

"அப்ப தேடலாம்" என்றார் அக்கா.

ஒரு பொதியும் தந்தார். அவர் தைத்த சேட்டு ஒன்று, ஒரு பை கறித்தூள். எங்கள் குழுத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. பெட்டிகளில் பிள்ளைகளின் உடுப்பும் மருந்தும் மட்டுமே வர வேண்டும், சொந்த அலுவல்கள் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் சட்டத்தை மதிக்கிறவள். பொதியைப் பிள்ளைகளின் உடுப்புக்கு அடியில் வைத்தேன்.

மடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். தலைமைக் கன்னியர் எல்லோருக்கும் கை கொடுத்தார். நிதானமான தோகோப் பெண்மணி. அவரை எல்லோரும் மதர் என்றார்கள். பிறகு குழுவைச் சாப்பாட்டு மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். ஓர் இளம் சிஸ்டர் மட்டும் என் கையை மெல்லப் பிடித்து, குசினிக்குப் பின்பக்கம் கூட்டிப் போய், ஒரு தகரத் தட்டைத் தந்தார். அங்கே நீண்ட வாங்கில் சாரம் கட்டிய ஏழெட்டு ஆண்கள் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள் ஆட்கள்" என்றார் சிஸ்டர்.

நான் பாரிசில் இருந்து வந்திருக்கும் தொண்டர் என்று நல்ல பிரெஞ்சில் விளக்கினேன்.

"தெரியும்" என்றார் அவர் அன்பாக. "இவர்களும் பாரிசுக்குத்தான்."

வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். "புதுசோ பிள்ளை? எந்த ஏஜென்சி?"

"நான் வாலண்டியர்."

"நாங்களும் வாலண்டியர்தான். சம்பளம் இல்லை. இரும், சோறு ஆறுது."

எனக்குக் கோபம் வந்தது. உயர்தரம் படித்து, பிரெஞ்சு படித்து, கடல் தாண்டிக் கொடுக்க வந்தவளின் கையில் ஒரு தகரத் தட்டு. ஆனாலும் சோறு சோறுதான், இருந்தேன். பிறகு கேட்டேன்: "இஞ்சை கைதடி ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

எல்லோரும் வாங்கின் கடைசியில் இருந்தவரைப் பார்த்தார்கள். மூக்குக் கண்ணாடி, முழங்கை வரை நீல வர்ணம். அக்காவின் பெயரைச் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

"நான் இஞ்சை எண்டு அவவுக்குத் தெரியுமோ?" என்றுதான் கேட்டார்.

இப்போது வர்ணத்தின் கதை. பிள்ளைகள் படுக்கும் மண்டபத்துக்கு நாங்கள் வர்ணம் பூச வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அது ஏற்கெனவே பூசப்பட்டிருந்தது. ஏஜென்சிக்காரன் கைவிட்டுப் போன இந்த மனிதர்களுக்கு மதர் சோறு போட்டார். சும்மா சாப்பிட அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. வர்ணம் வாளிகளில் இருந்தது, சுவர் வெறுமையாக இருந்தது, பூசிவிட்டார்கள். நல்ல நீலம். கூரையோரம் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. சன்னல் சட்டங்கள்தான் மிச்சம். குழுத் தலைவி வந்த வேகத்தில் அதைப் படம் எடுத்தார், முன்னால் பிள்ளைகள், பக்கத்தில் தூரிகையோடு மனேச்சர். எங்கள் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று எடுத்த பிறகுதான் தலைவிக்கு விளங்கியது.

"ஆனால் வர்ணம் பூச வந்தது நாங்கள்" என்றார் தலைவி.

மதர் வாளிகளைப் பார்த்தார். தொண்டர்களைச் சும்மா இருத்தக் கூடாது என்பதில் அவருக்கு அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

"மஞ்சளும் இருக்கிறது" என்றார்.

ஆகவே நாங்கள் நீலத்துக்கு மேல் மஞ்சள் அடித்தோம். முதல் பூச்சில் சுவர் பச்சை ஆனது. இரண்டாம் பூச்சில் என்ன நிறம் என்று எங்களுக்குள் வாக்குவாதம். எங்கள் ஆட்கள் மாமர நிழலில் இருந்து, கிரிக்கெட் பார்ப்பது போல, பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பிள்ளை, ஓரத்தை விட்டிட்டீர்" என்று அவ்வப்போது குரல் வரும். ஈரச் சுவரில் சாய்ந்த பிள்ளைகளின் முதுகுகள் மஞ்சளாயின. ஒரு சிறுமிக்குப் பிரெஞ்சு வாசிக்கப் பழக்கும்படி எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் பொறுமையாக என் உச்சரிப்பைத் திருத்தினாள். கைக்குழந்தைகளை யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும், அதுதான் அங்கே உண்மையில் ஆள் போதாத வேலை. நாங்கள் அதை வர்ணம் காயும் நேரங்களில் செய்தோம்.

ஒரு பின்னேரம் மனேச்சர், அக்கா தைத்துத் தந்துவிட்ட புதுச் சேட்டோடு வந்தார். குழந்தை ஒன்று என் தோளில் நித்திரை.

"ஏன் அண்ணை ஒரு கடிதம் போடயில்லை?"

"போட்டா விலாசம் எழுத வேணும் தங்கச்சி. என்ன விலாசம் எழுதிறது? அனாதை மடம் எண்டோ? ரண்டாயிரம் குடும்பத்துக்கு அரிசியும் சீனியும் நிறுத்துக் குடுத்த மனிசன் நான். வயசு நாப்பத்திமூண்டு."

"அக்கா பொட்டு வைக்கவோ விடவோ எண்டு தெரியாமல் நிக்கிறா."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தார். புதுத்துணி, சரியாகத் துடைபடவில்லை.

"வைக்கச் சொல்லுங்கோ. நான் ஹோட்டலிலை இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"நான் பொய் சொல்ல மாட்டன்."

"ஆர் பொய் சொல்லச் சொன்னது? படுக்கக் கட்டில் இருக்கு. மணி அடிச்சாச் சாப்பாடு வரும். உடுப்பை ஆரோ தோய்க்கினம். இதுக்குப் பேர் என்ன?"

நான் ஹோட்டலில் வேலை செய்கிறவள். இதற்குப் பெயர் ஹோட்டல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டில், மணி, சாப்பாடு என்று சொல்கிறேன், மடம் என்று வாய் திறந்து சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். குழந்தை விழித்துவிடும் போல இருந்தது, நீண்ட நேரம் வாதாட முடியவில்லை.

பாரிசுக்குத் திரும்பிய அன்றே மேல்மாடிக்குப் போனேன். ஆள் இருக்கிறார் என்றேன். அக்கா உள்ளே போய், பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பிறகு கட்டிலையும் மணியையும் சாப்பாட்டையும் சொன்னேன்.

"மணி அடிச்சாச் சாப்பாடோ?"

"ஓம்."

"தோய்க்கவும் ஆளோ?"

"ஓம்."

அக்கா பொட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஹோட்டல் மாதிரி இவ்வளவு வசதியா இருக்கிறவருக்கு ஒரு முத்திரை வாங்க ஏலாமல் போச்சுதோ?"

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது, சொல்ல அனுமதி இல்லை. அடுத்த கிழமைகளில் அக்காவே தனக்கு ஒரு பதில் கண்டுபிடித்தார். மனேச்சருக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது போல என்றார், பஸ் வராது போல என்று சொல்கிற அதே குரலில். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்த அக்காவின் தமையன், மறந்துவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். அக்கா சாமான் கட்டத் தொடங்கினார். நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்ட ஒரு ஹோட்டல் இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று மனேச்சரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அந்த நேரத்தில்தான் பங்கு மண்டபத்தில் பயணப் படங்களைத் திரையில் காட்ட ஏற்பாடு நடந்தது. ஸ்லைட் படச் சட்டங்களைப் புரொஜெக்டரில் ஒழுங்காக அடுக்கும் வேலை எனக்கு. தலைவி நீலச் சுவர்ப் படத்தை எடுத்து ஒதுக்கி வைத்திருந்தார். சுவர் நன்றாகத்தானே இருந்தது, பிறகு ஏன் மஞ்சள் அடித்தீர்கள் என்று யாராவது கேட்பார்கள் என்பது அவருடைய கவலை. நியாயமான கவலை. நான் அதை எடுத்து, பாட்டுப் பாடும் பிள்ளைகளுக்கும் மஞ்சள் சுவருக்கும் நடுவில் செருகினேன். சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"சேர்ச்சிலை எனக்கு என்ன வேலை?" என்றார் அக்கா.

"படம் காட்டுகினம். வாங்கோ. கூசேன்வில் எங்கையும் ஓடாது."

அக்கா சேலை உடுத்து வந்து முன்வரிசையில் இருந்தார். கடைக்கார அண்ணையும் வந்தார், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க. தமிழ் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்ததால், தலைவி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பாட்டுப் பாடும் பிள்ளைகள் போனார்கள். நீலச் சுவர் வந்தது. ஆள் உயரத்துக்கு மனேச்சர், கையில் தூரிகை, மூக்குக் கண்ணாடி நுனியில் ஒரு பொட்டு நீலம்.

தலைவி திடுக்கிட்டாலும் சமாளித்தார். "இது மடத்தின் உள்ளூர் வேலையாள்."

"இது மடத்தின்ரை உள்ளூர் வேலையாள்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

அக்கா எழும்பினார். "உள்ளூரோ? அவர் கைதடியெல்லோ!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. என்ன சொல்கிறார் என்று தலைவி கேட்டார். அவர் கைதடி என்கிறார் என்றேன். அது தோகோவின் எந்தப் பக்கம் என்றார் தலைவி. நான் பதில் சொல்வதற்குள் அக்கா திரைக்குக் கிட்டப் போய்விட்டார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் சேலையில் விழுந்தது, பாதிச் சுவர் அவர் முதுகில்.

"இது என்ன இடம்?" என்று கேட்டார்.

"படத்திலை இருக்கிறது அனாதை மடம்" என்றேன். கேள்வி படத்தைப் பற்றியது.

"அந்த மணி?"

"மடத்து மணி."

"ஒரு பொம்பிளையும் இல்லையோ?"

"கன்னியர் இருக்கினம்."

கடைக்கார அண்ணை பின்னால் இருந்து சிரித்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பங்குக் கோயில் பாதர் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மனேச்சரின் விசாவுக்குத் தான் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். எழுதினார், பல. ஆள் வந்து சேர்ந்தது அடுத்த கோடையில்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது மெத்ரோப் பாலத்துக்குக் கீழே அக்கா நின்றார்.

"அந்த நீலம் அவர் அடிச்சதோ?"

"அவரும் மற்ற ஆக்களும்."

"பிறகு வந்த மஞ்சள்?"

"நாங்கள்."

"நீலந்தான் வடிவு" என்றார்.

அடுத்த நாள் அக்கா கடிதத்தோடும் உறையோடும் வந்தார். விலாசம் எழுதச் சொன்னார். மேலே மனேச்சரின் பெயர், கீழே மடத்தின் பெயர், எழுதிக் கொடுத்தேன். அக்கா வாங்கிப் பார்த்தார்.

"இதிலை அனாதை மடம் எண்டு எது?"

விரலால் காட்டினேன்.

"அதைப் பெரிசா எழுதும். தபால்காரன் மாறி ஹோட்டலுக்குக் கொண்டு போயிடுவான்."

புது உறை எடுத்து, பெரிதாக எழுதினேன்.