கோடாங்கியிடம் சொன்ன பெயர்

உடுக்கைச் சத்தம் கேட்டால், கம்பம் ஊரில் மனநல ஆலோசகரின் அறைவாசலில் என்னருகே அமர்ந்திருந்த பெண்ணின் வீங்கிய கழுத்து நினைவுக்கு வரும். ஒவ்வொரு முறை பேசுமுன்னும் தொண்டையில் இரு விரல் வைத்து, உள்ளே யாரிடமோ கேட்டுக்கொள்வதுபோல் நிறுத்துவார்.

“தைராய்டுனு யாருக்குத் தெரியும்? கை நடுங்குது, தூக்கமில்லேன்னு, உடுக்கையடிச்சுப் பேயோட்டுற கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனாக. பிடிச்ச பேயி பேரச் சொல்லுன்னு அடிச்சாரு. அடி தாங்காம வாயில வந்த பேரச் சொன்னேன். உசுரோட இருந்த எதுத்த வீட்டுக்காரி பேரு.”

“அவுகளுக்கு என்னாச்சு?”

“எட்டாம் நாள் நெஞ்சுவலியில போயிட்டா. மாத்திரையில நடுக்கம் நின்னுருச்சு, இந்த உறுத்தல் நிக்கல. ஒம்மேல தப்பில்லம்மான்னு உள்ள இருக்கவுக வாராவாரம் சொல்றாக. பாதி நம்பிட்டேன்.”

உள்ளிருந்து அவரை அழைத்தார்கள். விடைகொடுக்குமுன் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஓரடி பின்வாங்கினார்.

“வேணாம்க்கா. பேர மட்டும் எங்கிட்ட சொல்லிறாதீக.”