நூறு வீசை தாலந்து

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் பூந்தமல்லியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். ஊரார் என்னிடம் மூன்று காரியங்களுக்கு வருவார்கள்: இருமல் மருந்து, இங்கிலீஷில் வந்த தந்தி, எந்த விதமான கணக்கும். அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் சர்ச் உபதேசியார் வந்தது மூன்றாவதற்கு.

"கம்பவுண்டரம்மா, ஒரு தாலந்துன்னா எத்தன பவுண்டு?"

பண்டிகை நாடகத்துக்காகக் கேட்டார். எஜமான் ஒருவர் வெளியூர் போகும்போது வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்து வியாபாரம் செய்யச் சொல்லும் கதை. முந்தின வருஷம் மூட்டையில் பஞ்சு அடைத்திருந்தார்கள். காற்றடித்ததில் ஐந்து தாலந்தும் மேடையை விட்டுப் பறந்து, வேலைக்காரன் அதைத் துரத்திக்கொண்டு ஓடியதோடு நாடகம் முடிந்தது. அதனால் இந்த முறை மணல், அதுவும் நிஜமான எடையில்.

தாலந்து கிரேக்கர்களின் நிறை. அவர்களுடைய திராக்மா என்ற வெள்ளி நாணயம் ஆறாயிரம் சேர்ந்தால் ஒரு தாலந்து. மருந்துத் தராசில் நாங்கள் போடும் டிராம் அந்தத் திராக்மாவின் வழியில் வந்ததுதான். இவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் உபதேசியார் என் பென்சிலை எடுத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த அட்டவணைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். டிராமுக்கு அறுபது கிரெயின். பவுண்டுக்கு ஐயாயிரத்து எழுநூற்று அறுபது கிரெயின். பெருக்கி வகுத்ததில் ஒரு தாலந்துக்கு அறுபத்திரண்டரைப் பவுண்டு வந்தது. நம் பக்கத்து வீசை மூன்றே அரைக்கால் பவுண்டு. அதனாலும் வகுத்துப் பார்த்தவர் துள்ளிவிட்டார்.

"இருவது வீசம்மா! அஞ்சு தாலந்து சரியா நூறு வீச! மிச்சமே இல்ல. இது மனுஷன் போட்ட கணக்கா?"

மனுஷன் போட்ட கணக்குதான், தப்பாகவும் போட்டிருந்தார். நிதானமாக விளக்கினேன். சுவரில் இருப்பது மருந்துப் பவுண்டு, பன்னிரண்டு அவுன்ஸ். மணலை நிறுக்கும் கடைப் பவுண்டு பதினாறு அவுன்ஸ். போதாததற்கு ஏதென்ஸ் நாணயம் எங்கள் டிராமைவிடக் கொஞ்சம் கனம், அறுபத்தேழு கிரெயின் இருக்கும். இரண்டையும் திருத்தினால் தாலந்துக்கு ஐம்பத்தேழு பவுண்டும் சில்லறையும்.

"சில்லறையா?" என்று முகம் சுளித்தார். "வேதத்துல வர்ற எடைக்கு சில்லற இருக்குமாம்மா?" நூறு வீசையே நிலைத்தது. அதையும் ஒரே கோணியில் கட்டச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஐந்து தாலந்து வேலைக்காரனாக நடிக்கவிருந்தவர் ஓடி வந்தார். ஐயப்பன்தாங்கல்காரர், ஆவடி மிலிட்டரி கிடங்கில் குமாஸ்தா. மெலிந்த மனிதர்.

"அக்கா, நானே முப்பது வீசதான் கீறேன். நூறு வீசய எப்டிக்கா தூக்குவேன்?"

"வேறு வேஷம் கேளுங்களேன்."

"அது ஆவாதுக்கா. பொண்ணோட நைனா மொத வரிசையில குந்திகினு பாக்கப் போறாரு. அவரு முன்னாடி நிக்கணும்னு நான்தான் கெஞ்சி வாங்கனேன். மேடையில மானம் போச்சுன்னா கல்யாணமும் போச்சு."

பெண்ணின் தகப்பனார் விறகுத் தொட்டி முதலாளி; விறகுக் கடையைத்தான் இங்கே தொட்டி என்பார்கள். மாப்பிள்ளையை நேராகப் போய்ப் பார்க்காமல், பண்டிகைக்கு வந்த சாக்கில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் இவருக்காக லேசான தாலந்து ஒன்றைக் கிரேக்க ஊர் ஊராகத் தேடினேன். ஏஜினாவின் திராக்மா ஏதென்ஸைவிடக் கனம். அதை யாரிடமும் சொல்லவில்லை. கொரிந்துவில் நாற்பத்தைந்து கிரெயின்தான். தாலந்து முப்பத்தெட்டரைப் பவுண்டாக இறங்கிவிடும். உபதேசியாரிடம் ஓடினேன்.

"கொரிந்துவா? வேதத்துலயே அப்போஸ்தலர் ரெண்டு தடவ கடுதாசி எழுதிக் கண்டிச்ச ஊரும்மா அது. அவங்க தராச நம்பச் சொல்றீங்களா?"

பண்டிகையன்று கோணியை மேடையேற்ற ஆறு பேரும் ஒரு மூங்கிலும் தேவைப்பட்டன. எஜமான் உபதேசியாரேதான். சணல் தாடியைத் தடவிக்கொண்டு, "நல்ல ஊழியக்காரனே, இதைக் கொண்டுபோய் வியாபாரம் செய்" என்றார்.

குமாஸ்தா குனிந்து கோணியின் காதைப் பிடித்தார். தலைப்பாகை விழுந்தது. வேஷ்டி இறுகியது. கோணி அசையவில்லை. கட்டிப்பிடித்துப் பார்த்தார். எங்கேயோ மளுக்கென்றது, அது மேடைப் பலகையா முழங்காலா என்று எனக்கு நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. முதல் வரிசையில் தொட்டி முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா நிமிர்ந்தார். கோணியின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"எஜமானே, இத்த தூக்கிகினு ஊர் ஊரா அலையறதா? வேணும்றவன் இங்க வரட்டும். நான் குந்திகினே விக்கிறேன்."

"டேய், அது கதையில இல்லடா!" என்று தாடிக்குள்ளிருந்து உபதேசியார் சீறியது கடைசி வரிசை வரை கேட்டது.

தொட்டி முதலாளி எழுந்தார்.

"இன்னா வெல, அண்ணாத்தே?"

"எடுத்துகினு போற கூலி ஒங்களுது. ஒத்துகினா வெல பேசலாம்."

முதலாளி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். "என் தொட்டியில நான் ஒரு கட்டயத் தூக்கி எவனாவது பாத்துக்கீறானா? வாங்கறவன் தூக்கிகினு போவான். இவன் நம்மாளுய்யா!"

ஆண்கள் பக்கம் கைதட்டினார்கள். உபதேசியார் தாடியைக் கழற்றிவிட்டு ஜெபத்துக்கு எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் நின்றார்கள், குமாஸ்தா மட்டும் கோணி மேலேயே இருந்தார்.

பெண்கள் பக்கத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண், கண்ணை மூடியபடியே என் பக்கம் சாய்ந்தாள். முதலாளியின் மகள்.

"அக்கா, அவரு ஏன் எந்திரிக்கல?"

"முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கும்."

"கல்யாணத்துக்குள்ள சரியாப் பூடுமா?"

"ஒரு வாரம் எண்ணெய் தேய்த்தால் போதும்."

அவள் யோசித்தாள். "அப்ப நைனாகிட்ட அடுத்த மாசமே வெக்கச் சொல்றேன்" என்றாள். நாங்கள் பேசி முடிப்பதற்குள் எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டிருந்தார்கள்.