ஐம்பது மடங்கு ஜூமும் ஒரு கேட் பாஸும்

போன வெள்ளிக்கிழமை, ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை வாசலில், என் சொந்தக் கேமராவை என்னிடம் தர மறுத்துவிட்டார்கள். காசு என்னுடையது, பார்சலில் பெயரும் என்னுடையது. ஆனால் அது செக்யூரிட்டி மேஜைக்கு அடியில் கிடந்தது!

மூன்றாவது படிக்கும் என் மகளுக்கு அன்று மாலை பள்ளி ஆண்டு விழா. முன்வரிசைகள் எல்லாம் முக்கியஸ்தர்களுக்கு. பெற்றோருக்கு எப்போதும் கடைசிதான். “எவ்ளோ தூரத்துல உக்காந்தாலும் என்னைப் பெருசா போட்டோ எடுக்கணும்ப்பா” என்று கேட்டிருந்தாள். நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் குவாலிட்டி டிபார்ட்மென்ட் ஆசாமி. ஒரு போல்ட் வாங்கவே மூன்று சப்ளையர்களுக்கு மார்க் போடுகிறவர்கள் நாங்கள். சூப்பர்ஜூம் கேமராவைச் சும்மா வாங்கிவிடுவோமா? எக்செல்லைத் திறந்தேன். ஐந்து மாடல்கள். முப்பது மடங்கு ஜூம், நாற்பத்திரண்டு, ஐம்பது... லென்ஸ், பேட்டரி, எடை, நிலாவில் பள்ளம் தெரிகிறதா என்று எல்லாவற்றுக்கும் மார்க். நிலாவை எடுக்கச் சொல்லி யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. ஆனால் இன்டர்நெட்டில் ஜூம் கேமரா வாங்கிய அத்தனை பேரும் நிலாவைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

முடிவுக்கு வரும் நேரத்தில் எவனாவது ஒரு புது மாடலை இறக்குவான். மறுபடியும் முதலிலிருந்து.

லைனில் வேலை பார்க்கும் சுடலைக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் ஷீட்டைப் பார்த்துவிட்டு, “எங்க அக்காவுக்கு மாப்பிள்ள பாக்கும்போதுகூட நாங்க இவ்வளவு விசாரிக்கல சார்” என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்!

நான்கு மாதம் கழித்து ஒருவழியாக ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். குன்றத்தூரில் பகலில் வீடு பூட்டியிருக்கும். அதனால் தொழிற்சாலை முகவரியைக் கொடுத்தேன். செல்போன் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுகிற இடம் அது. அத்தனை மார்க் போட்ட மேதைக்கு இது உறைக்கவில்லை.

பார்சல் வந்ததோ விழா நாளன்று.

“கேட் பாஸ் இல்லாம வெளிய வுட மாட்டோம் சார்” என்றார் செக்யூரிட்டி.

“அது உள்ளயே போகலையேங்க!”

“கம்பெனி அட்ரஸ் போட்டு வந்துகீது. அப்ப கம்பெனி பொருள்தான் சார். மேனேஜர் கையெழுத்து வாங்கினு வாங்க.”

மேனேஜர் வெளியூரில். அவர் வருவது திங்கட்கிழமை. கெஞ்சினேன், கத்தினேன்... பிறகு கம்பெனி பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறினேன். அவமானமாக இருந்தது.

பள்ளியில் கடைசி வரிசையில் மனைவி இடம் பிடித்து வைத்திருந்தாள். மேடையில் காட்டைப் பற்றிய நடனம். பன்னிரண்டு மயில்கள் ஆடின. எல்லா முகத்திலும் ஒரே பவுடர். கண்ணை இடுக்கி ஒவ்வொரு மயிலாகத் தேடினேன். என் மகளைக் காணோம்.

“இன்னா தேடிகினு இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“நம்ம பொண்ணு எந்த மயில்?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அவ மயில் இல்ல. ஓரமா நிக்குதே, அந்த மரம். ஒரு மாசமா தெனம் உங்ககிட்ட சொல்லிகினுதான் இருந்தா. நீங்களும் லேப்டாப்பப் பாத்துகினே ‘ம்’ போட்டீங்க.”

பச்சை அட்டைக்கு நடுவே ஒரு சின்ன முகம். கையைக் கிளையாக விரித்தபடி, கடைசி வரிசையில் எங்களைத் தேடிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, செக்யூரிட்டி கேமராவைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், ஐம்பது மடங்கு ஜூமில் யார் வீட்டுப் பிள்ளையையோ இறகு இறகாகப் படம் பிடித்துக்கொண்டு வந்திருப்பேன்.