வால் முளைத்த பைகள்

இன்று காலை ஈரத்துணியில் கட்டிவைத்திருந்த பாசிப்பயறை அவிழ்த்தேன். முளைவிட்ட பயறின் பச்சை வாசனை என்னைத் தென்காசி அடுக்களையிலிருந்து குற்றாலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மூத்தவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஐந்தருவி போகும் சாலையில் குடியிருந்தோம். சாரல் நாளில் சுவரெல்லாம் வியர்க்கும் வீடு அது.

ஒரு ஆனி மாதம் பாசி பிடித்த வாசற்படியில் வழுக்கி விழுந்து அவள் கையை ஒடித்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்கும்போது ஆடி பிறந்துவிட்டது. "கையை நீட்டி மடக்கச் சொல்லுங்கம்மா. இல்லன்னா இப்படியே நின்னுரும்" என்றார் வைத்தியர். எலும்பு கூடியிருந்தது, பயம்தான் போகவில்லை. கையை மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, தொட்டாலே அழுதாள். இப்படியே நின்றுவிட்டால்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படித்தவள் அல்லவா, புத்தகத்தைத் தேடினேன். பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் இருந்தது. சாய்த்து நிறுத்திய பலகை, அதில் ஓர் ஓட்டை, அதற்குள் எறியப் பயறு நிரப்பிய சின்னத் துணிப்பைகள். எறிந்தால் கை நீளும்தானே?

என் கணவர் ஒரு தேயிலைப் பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கிவந்தார். பலகையாக உடைத்த பிறகும் அதில் மலைத் தேயிலை மணந்தது. அவர் அறுத்துக் கொடுத்த ஓட்டையைச் சுற்றி நான் கரியால் குரங்கு முகம் வரைந்தேன். குற்றாலத்துப் பிள்ளைக்கு வாய் திறந்த குரங்கைவிட வேறென்ன பிடிக்கும்?

தள்ளி நின்று பார்த்தார். "ஏளா, உங்க அண்ணன் சாடைல்லா இருக்கு!"

"அப்பம் பயறக் கூடவே போடுதேன். எங்க அண்ணனுக்குப் பசி தாங்காது."

பழைய பாவாடைத் துணியில் பை தைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, திங்குத பயறயா எறிய விடுத? புளியங்கொட்டையப் போட்டா ஆகாதோ?"

"படத்துல பயறுன்னு போட்டிருக்குக்கா."

"கொரங்கும் போட்டிருக்கோ?"

ஒரு விஷயம் சொல்கிறேன், வேடிக்கையாக இருக்கும். பையை நிறையத் திணித்தால் துள்ளி வெளியே விழுகிறது. பாதி நிரப்பினால் சோம்பேறி போலப் பொத்தென்று உட்காருகிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மத்தியானம் போயிற்று.

பிள்ளை எறிந்தாள். சிரித்தாள். குரங்கின் வாயில் குறி தப்பாமல் போட்டாள், நல்ல கையால். அது எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

"அந்தக் கையால எறி, கண்ணு."

"இந்தக் கையே போதும்மா."

அன்று ஜன்னலைச் சாத்த மறந்தேன். சாரலில் பைகள் நனைந்தன. எடுத்து ஜன்னலுக்கு மேலிருந்த பலகைத்தட்டில் உலரப் போட்டேன். ஆடிச் சாரலில் எது உலர்ந்தது? இரண்டொரு நாளில் உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"எம்மா! பைக்கு வால் முளைச்சிருக்கு!"

ஓடினேன். முக்காலிமேல் ஏறி, நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். நீலத் துணியைத் துளைத்துக்கொண்டு ஒரு வெள்ளை முளை தலைக்குமேல் தொங்கியது. அதைத் தொட மற்றக் கை மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கை மார்புக்குத் திரும்பிவிடும். கூப்பிடாவிட்டால் விழுந்து தொலைப்பாளோ? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கை நிமிர்ந்தது. விரல் முளையைத் தொட்டது. பை கீழே விழுந்ததும் அடுத்த பைக்குக் கையை நீட்டினாள்.

அதற்குப்பின் நானே பைகளை நனைத்து மேலே வைத்தேன். "எறியத்தான்னு பாத்தேன், வெள்ளாமையா பண்ணுத?" என்றாள் அக்கா. புளியங்கொட்டை போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அந்த வீட்டைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார்களாம். குரங்குப் பலகை ஊறுகாய்ச் சாடிக்கு அடியில் கிடந்து, கரையான் தின்று போயிற்று. தாவணி போட்ட மூத்தவளிடம் இன்று இதையெல்லாம் சொன்னேன்.

"எந்தக் கைம்மா ஒடிஞ்சுது?"

"நீயே சொல்லு."

இரண்டையும் நீட்டினாள், மடக்கினாள், திருப்பிப் பார்த்தாள். "தெரியலையே!" என்று ஒரு பிடி பயறை அள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். எந்தக் கையால் அள்ளினாள் என்று நான் கவனிக்கவே இல்லை.